மேரியின் ஒன்பது சாயங்காலங்கள்

மரிசெல் என்ற பெயரைத் திண்டிவனத்தில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. பால்காரருக்கும், மகள் படிக்கிற பள்ளிக்கூடத்து ஆயாவுக்கும், தெருவில் எல்லோருக்கும் அவள் மேரி. முதலில் திருத்திப் பார்த்தாள். பிறகு அவளே போனில், "நான் மேரி பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் டக்ளோபான் என்கிற கடற்கரை ஊர் அவளுடையது. 2013-இல் அடித்த பெரும் புயலில் கடல் ஊருக்குள் வந்தது. வீடு போயிற்று, அப்பாவும் போனார். அம்மாவும் தம்பியும் அவளும் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் தப்பிப் பிழைத்தார்கள். அடுத்த வருடமே மேரி சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற மாதா கோயிலில்தான் புகழேந்தியைப் பார்த்தாள். கப்பல் பட்டறையில் வெல்டர். விழுப்புரம் பக்கம் முகையூர்க்காரன். இரண்டு வருடம் கோயில் வாசலில் நின்று நின்றே பேசினார்கள். கல்யாணம் முகையூரில் நடந்தது.

புகழேந்தியின் அம்மா சவுரியம்மாளுக்கு இதில் சம்மதமில்லை. கெட்ட மனசு கிடையாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் ஒரே பிள்ளையை ஆளாக்கியவர். மருமகளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசைப்பட்டவர். "பேச்சே புரியாத பொண்ண வெச்சிக்கினு நான் என்னாடா பண்ணுவேன்?" என்று மகனிடம் கேட்டார். மேரிக்கு வார்த்தை புரியவில்லை. குரல் புரிந்தது.

கொரோனா முடிந்த சமயத்தில் புகழேந்திக்குத் திண்டிவனத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்தது. மூன்று பேரும் வீடு தேடி அலைந்தார்கள். ஒன்றரை வயது மகள் மலர்விழி மேரியின் இடுப்பில். ஒரு வீட்டில், "முகையூர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். பதில் சொன்னதும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் மேரியின் முகத்தைப் பார்த்து, வெளிநாட்டு ஆள் என்றால் போலீஸ் கேள்வியெல்லாம் வரும், வேண்டாம் என்றார்கள். ஏழாவதாகப் பார்த்தது பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் கவுஸ் பாய் வீட்டு மாடி. கவுஸ் பாய்க்கு மோட்டார் சைக்கிள் சீட் கவர் தைக்கிற கடை. அவர் மனைவி மெஹருன்னிசா படியில் நின்று இவர்களை மேலும் கீழும் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"காலைல ஆறு மணிக்கு மோட்டார் போடுவோம். அப்பவே தண்ணி புடிச்சிக்குவியாம்மா?"

புகழேந்தி மொழிபெயர்த்துச் சொன்னான். மேரி வேகவேகமாகத் தலையாட்டினாள்.

குடிவந்த ஆறாவது மாதம் புகழேந்திக்கு மறுபடி சிங்கப்பூர் வேலை வந்தது. பட்டறைச் சம்பளத்தில் ஓட்ட முடியவில்லை, போனான். மேரியும் இரண்டு வயது மலர்விழியும் மாடியில் தனியாக இருந்தார்கள். அப்போது அவளுக்குத் தெரிந்த தமிழ் முப்பது நாற்பது வார்த்தை இருக்கும்.

அந்த வருடம் நோன்பு ஏப்ரல் மாதத்தில் வந்தது. தெருவில் பகலில் அடுப்புப் புகை வாசனை குறைந்ததை மேரி கவனித்தாள். ஏன் என்று கேட்கிற அளவுக்குப் பேச்சு வரவில்லை. முதல் நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலில் சைரன் ஊதியது.

டக்ளோபானில் சைரன் ஊதினால் ஒரே அர்த்தம்தான். மேரி யோசிக்கவே இல்லை. பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வைத்த துணிப்பை எப்போதும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதைத் தோளில் மாட்டினாள், குழந்தையைத் தூக்கினாள், செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். "ஆப்பா! ஆப்பா!" என்று கத்தினாள். உருது பேசுகிற வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மெஹருன்னிசாவைத் தெருவே அப்படிக் கூப்பிட்டதால் அவளும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் பாயை விரித்துக் குடும்பமே உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கையில். ஒருவரும் ஓடவில்லை. மெஹர் ஆப்பா வாயில் பழத்தோடு அவளைப் பார்த்தார். வெறுங்கால், தோளில் பை, முகத்தில் பயம்.

"இன்னாம்மா ஆச்சு?"

மேரி மேலே கையைக் காட்டினாள். "சவுண்ட்... தண்ணி வருது?"

கவுஸ் பாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். மெஹர் ஆப்பா எழுந்து வந்து பையைத் தோளிலிருந்து கழற்றிச் சுவரோரம் வைத்தார். "தண்ணிலாம் வரல. நோன்பு தொறக்கற சங்கு அது. உக்காரு." ஒரு பீங்கான் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி அவள் முன்னால் வைத்தார்.

மேரி கரண்டியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். குழைந்த அரிசி, இஞ்சி, பூண்டு, உள்ளே இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொத்துக்கறி. வெந்தயம் மட்டும்தான் அவள் அறியாதது. மற்றதெல்லாம் காய்ச்சல் வந்தால் அவள் அம்மா செய்து தருகிற கஞ்சி. அழுதுகொண்டே குடித்தாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து மெஹர் ஆப்பா இன்னொரு கரண்டி ஊற்றினார்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தூக்கில் கஞ்சி மாடிக்கு ஏறிவந்தது. பிறகு மேரியே தூக்கோடு பள்ளிவாசல் வாசலுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே கஞ்சிக்கு நிற்கிற வரிசையில் இன்னார்தான் என்று கிடையாது. ஆட்டோ ஸ்டாண்டு டிரைவர்கள், பூக்காரம்மா, காய்ச்சல் பிள்ளைக்கு வாங்க வந்த தாய், எல்லோரும் நிற்பார்கள். அந்த வரிசையில்தான் மேரி தமிழைக் கற்றுக்கொண்டாள். "தள்ளி நில்லு", "ஜல்தி வா", "எனக்கு முன்னாடி இவங்க வந்தாங்க", "புதினா நெறைய கீது". பாடப்புத்தகத்தில் இல்லாத தமிழ். இரண்டாவது வருட நோன்பில் சமோசா மடிக்க உதவினாள். அவள் ஊரில் இதே போல் மாவுத் தாளுக்குள் கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற பழக்கம் உண்டு. அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்து மெஹர் ஆப்பா தன் வேலையை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். மூன்றாவது வருடம் மலர்விழி கீழ்வீட்டுப் பேத்திகளோடு சேர்ந்து தானும் நோன்பு என்று அறிவித்தாள். காலைப் பத்து மணிக்கு ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் நோன்பு திறந்தாள்.

இந்த வருடம் நடந்ததுதான் சொல்ல வேண்டியது.

இந்த வருடம் சாம்பல் புதன் அன்று சாயங்காலமே பிறை தெரிந்தது. மேரி நெற்றியில் சாம்பல் குறியோடு கோயிலிலிருந்து வந்து படியேறினாள். மெஹர் ஆப்பா தடுத்து நிறுத்தினார்.

"நெத்தில இன்னா கரி?"

"எங்களுக்கும் நாள் தொடங்குது ஆப்பா. தவக்காலம். நாப்பது நாள்."

"நாப்பதா! எங்களுக்கு முப்பதுக்கே நாக்கு தள்ளுது."

"தண்ணி குடிக்கலாம். ஒரு வேளை சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை கறி இல்ல."

"தண்ணி குடிச்சிக்கலாமா? அப்போ அது நோன்பே இல்ல, போ" என்று சொல்லி மெஹர் ஆப்பா சிரித்தார். ஆனால் காதில் வாங்கிக்கொண்டார். அந்த வார வெள்ளிக்கிழமை மாடிக்கு வந்த தூக்கின் மூடியில் கரித்துண்டால் ஒரு சிலுவை போட்டிருந்தது. உள்ளே கறி இல்லாத கஞ்சி. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறவரிடம் கவுஸ் பாய் சொல்லி, கொத்துக்கறி போடுவதற்கு முன்னாலேயே ஒரு தூக்கு தனியாக எடுத்து வைக்கச் செய்திருந்தார். அண்டா அண்டாவாகக் காய்ச்சுகிற இடத்தில் ஒருத்திக்காக ஒரு தூக்கு. மேரி அந்தக் கரிச் சிலுவையைப் பல நாள் கழுவவில்லை.

பதினோராவது நோன்பு அன்று தம்பியிடமிருந்து போன் வந்தது. அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

மேரிக்கு உடனே கிளம்ப வேண்டும். முடியவில்லை. அவள் விசா நீட்டிப்புக்குக் கொடுத்திருந்த காகிதம் இன்னும் வரவில்லை. பிழை அவள்மேல்தான். வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததைப் பார்க்காமல் கொடுத்துவிட்டாள். மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கவுஸ் பாய் திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, புதிதாக எழுதிய ஒப்பந்தத்தோடு அவளைத் தன் பழைய காரில் விழுப்புரத்துக்கு அழைத்துப்போனார். விசா விவகாரம் பார்க்கிற அலுவலகத்தில் அவள் நிலைமையைக் கேட்டு வருத்தப்பட்டார்கள். ஆனாலும் பத்து பதினைந்து நாளாவது ஆகும் என்றார்கள். மதியம் வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயில். மேரி தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"குடிம்மா."

"நீங்க நோன்பு, பாய்."

"என் நோன்பு எனக்கு. அம்மாவ எழந்துட்டு வந்து வெயில்ல உக்காந்துக்கினு கீற. உனக்கு மயக்கம் கியக்கம் வந்தா நான்தான தூக்கிக்கினு ஓடணும்? குடி."

அவர் மரத்தின் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார். மேரி குடித்தாள்.

டக்ளோபானில் அம்மாவை வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். அவர்கள் வழக்கம் அது. தம்பி போனைச் சவப்பெட்டிக்கு அருகில் நிறுத்திவைத்தான். மேரி மாடியில் சுவரோரம் சாய்ந்து அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஹர் ஆப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் பார்த்தார். "உன் மூக்குதான் அப்டியே" என்றார்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று கீழ்வீட்டில் முடிவாயிற்று. சாவு நடந்தது கடலுக்கு அப்பால், அடுப்போ இங்கே. அதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. தினமும் மத்தியானம் மேரிக்கும் மலர்விழிக்கும் சோறு வந்தது. நோன்பு மாதத்தில் பகலில் பற்றாத அடுப்பை இரண்டு பேருக்காகப் பற்றவைத்தார்கள். மெஹர் ஆப்பா ஒரு நாள், எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள், கோடிவீட்டிலிருந்து ஒரு நாள். சமைக்கிறவர்கள் எல்லோரும் நோன்பு. ருசி பார்க்க முடியாது. மூன்றாம் நாள் வந்த குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. மலர்விழி முகத்தைச் சுளித்தாள். மேரி மகளுக்குத் தயிர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, குழம்பைச் சொட்டு மிச்சமில்லாமல் தானே சாப்பிட்டாள். தொண்டை வறண்ட ஒருத்தி அடுப்புச் சூட்டில் நின்று செய்த குழம்பு அது.

புகழேந்தி சிங்கப்பூரிலிருந்து தன் அம்மாவுக்குச் சொன்னான். சவுரியம்மாள் முதல் பஸ்ஸில் கிளம்பி, விழுப்புரத்தில் மாறி வந்து சேர்ந்தார். கையில் ஒரு பையில் கேப்பை மாவு, இன்னொன்றில் அந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை, வறுத்தது. இத்தனை வருடத்தில் அந்த மாடிக்கு அவர் வந்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் சாயங்காலமே திரும்பிவிட்டார். இப்போது பையை வைத்துவிட்டு மேரியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பெத்தவ முகத்தைக் கடைசியா பாக்க முடியலியேடி உன்னால" என்றார்.

அதை முழுதாகப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இப்போது மேரிக்குத் தமிழ் இருந்தது. "ஆமா அத்தை" என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மாமியார் தன்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று மேரி பிறகு சொன்னாள்.

மேரிக்கு ஒரு குறை மிச்சம் இருந்தது. அவள் ஊரில் செத்தவர்களுக்காக ஒன்பது நாள் சாயங்காலம் செபம் சொல்வார்கள். அக்கம்பக்கம் எல்லாம் வரும். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். இங்கே யார் வருவார்கள்?

"யாரு வரணும்? நீ கீற, நான் கீறேன், புள்ள கீது. மூணு பேர் போதும் செபத்துக்கு" என்று சவுரியம்மாள் ஜெபமாலையை எடுத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கினார்கள். சவுரியம்மாள் தமிழில் சொல்ல, மேரி தன் பாஷையில் பதில் சொன்னாள். ஜெபமாலையின் இரண்டாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருக்கும்போது படியில் காலடிச் சத்தம். மெஹர் ஆப்பா. பின்னால் எதிர்வீட்டுப் பெண், கோடிவீட்டு இரண்டு சகோதரிகள். தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். சவுரியம்மாள் நிறுத்தினார்.

"நீங்க சொல்லுங்க, சவுரிம்மா" என்றார் மெஹர் ஆப்பா. "நாங்க எங்க முறைல ஓதிக்கிறோம். அந்த அம்மாவுக்காவத்தான."

இப்படி எட்டு நாள் போயிற்று. ஐந்து மணிக்கு வருவார்கள், ஐந்தரைக்கு எழுந்து நோன்பு திறக்கிற வேலையைப் பார்க்க ஓடுவார்கள். ஒரு நாளும் நான்கு பேருக்குக் குறையவில்லை. ஒரு நாள் பதினொரு பேர் வந்து, மலர்விழி படிக்கட்டில் உட்கார வேண்டியதாயிற்று. ஒருவருக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை. அது மேரியை அரித்தது. எட்டாம் நாள் மெஹர் ஆப்பாவிடம் கேட்டாள்.

"நாளைக்கு ஒம்போதாம் நாள். நோன்பு தொறக்கறதுக்கு நான் கஞ்சி பண்றேன். எங்க அம்மா பண்ற கஞ்சி. எல்லாரும் குடிப்பாங்களா?"

"இன்னா கேள்வி இது? பண்ணு."

மேரி தயங்கினாள். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவளால் முடியவில்லை. "ஆப்பா, என் பாத்திரத்துல... கிறிஸ்மஸ்க்கு பன்னிக் கறி சமைச்சிருக்கேன். உங்களுக்கு ஆகாது."

மெஹர் ஆப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நான்கு வருடமாக இந்த மாடியில் இருந்து எத்தனை தட்டு கீழே போயிருக்கிறது? பலகாரம் மட்டும்தான், அதுவும் கடையில் வாங்கியது. காரணம் இதுதான். இப்போது அதுவும் வெளியே வந்துவிட்டது.

"அதுக்குத்தான் நீ எப்பவும் பேக்கரி டப்பாவே குடுத்துக்கினு இருந்தியா?" என்றார் மெஹர் ஆப்பா. "நான் கூட, இந்தப் பொண்ணுக்குச் சமைக்கவே தெரியாது போலன்னு நெனச்சேன்."

"கோவமா ஆப்பா?"

"கோவம் இன்னா? சொல்லாம குடுத்துருந்தா கோவம் வந்துருக்கும். என் வீட்டு அடுப்புல பண்ணு. என் டேக்சா கீது, பெருநாளுக்கு பிரியாணி போடறது. கோழிய மட்டும் பாய வாங்கியாரச் சொல்றேன்."

மறுநாள் மத்தியானம் கீழ்வீட்டுச் சமையலறையில் மூன்று பேரும் நின்றார்கள். சவுரியம்மாள் ஒரு முறம் நிறைய இஞ்சியைத் தோல் சீவினார். மெஹர் ஆப்பா பூண்டு உரித்தார். மேரி பூண்டில் பாதியை நறுக்கி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தனியே எடுத்து வைத்தாள். மீதியையும் இஞ்சியையும் கோழியையும் வதக்கி, அரிசி போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கிளற ஆரம்பித்தாள். மெஹர் ஆப்பாவுக்குக் கை துறுதுறுத்தது.

"வெந்தயம்?"

"இல்ல ஆப்பா."

"தேங்காப் பாலு?"

"இல்ல."

"பட்டை, லவங்கம்?"

"ஒண்ணும் இல்ல. இஞ்சிதான்."

"யாருக்கும் ஜுரம் இல்லியே இங்க" என்று முணுமுணுத்தார் மெஹர் ஆப்பா. சவுரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

உப்பு பார்க்க வேண்டி வந்தது. மெஹர் ஆப்பாவால் முடியாது. மேரி தனக்கு நாக்கில் ருசியே தெரியவில்லை என்றாள். சவுரியம்மாள் கரண்டியை வாங்கி உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். மருமகள் சமைத்ததை அவர் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. இன்னொரு தடவை ஊற்றிப் பார்த்தார்.

"உப்பு செத்த கம்மி. மத்தபடி நல்லா கீது. பெத்தவ நல்லாத்தான் கத்துக் குடுத்துருக்கா."

அன்று செபம் கீழே கூடத்திலேயே நடந்தது. முடிந்தபிறகு யாரும் வீட்டுக்கு ஓடவில்லை. பாய் விரித்தார்கள். திண்டிவனத்தில் அப்போது தர்பூசணிக் காலம். சாலையோரம் குவித்து விற்கிற சுப்பராயலு, விஷயம் தெரிந்து இரண்டு பெரிய பழத்தைத் தானே தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். கவுஸ் பாயின் நண்பர்கள் நான்கைந்து பேர் முன்னறையில் உட்கார்ந்தார்கள். மேரி ஒவ்வொரு கிண்ணத்திலும் கஞ்சி ஊற்றி, மேலே வறுத்த பூண்டும் வெங்காயத்தாளும் தூவி, பாதி அவித்த முட்டையும் ஓர் எலுமிச்சைத் துண்டும் வைத்தாள். ஊரில் வேறு ஒரு குட்டி எலுமிச்சை உண்டு. இங்கே கிடைப்பதை வைத்துக்கொண்டாள்.

சங்கு ஊத இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. முன்னறையிலிருந்து கவுஸ் பாய் குரல் கொடுத்தார். "மேரிம்மா, துவா செய்யணும். உங்க அம்மா பேரு இன்னா?"

"கொராசோன்."

"குராசானா?" அவருக்கு ஆச்சரியம். "அது எங்கியோ அந்தப் பக்கம் ஒரு நாட்டுப் பேரு ஆச்சே. எங்க கித்தாபுலல்லாம் வருது."

"இல்ல பாய். எங்க ஊர்ல இதயம்னு அர்த்தம்."

முன்னறையில் ஒரு பெரியவர் அந்தப் பெயரை இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எல்லோரும் கையேந்தினார்கள். உருதுவில் ஓதிய அந்த வேண்டுதலில் மேரிக்குப் புரிந்தது அம்மாவின் பெயர் மட்டும்தான். கொஞ்சம் மாற்றித்தான் சொன்னார்கள். போதும் என்று இருந்தது அவளுக்கு. கடலுக்கு இந்தப் பக்கம் அவள் அம்மாவின் பெயரை ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

சங்கு ஊதிற்று. முதலில் பேரீச்சை, தண்ணீர், பிறகு கஞ்சி. மேரி யாரையும் பார்க்க முடியாமல் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடிவீட்டுச் சகோதரிகளில் இளையவள்தான் முதலில் பேசினாள். "பூண்டு இன்னும் கொஞ்சம் போடுக்கா." அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கிண்ணத்தை நீட்டினார்கள். மெஹர் ஆப்பா இரண்டு கிண்ணம் குடித்தார். "வெந்தயம் போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்துருக்கும்" என்றும் சொன்னார். முன்னறையிலிருந்து வந்த கிண்ணங்கள் துடைத்த மாதிரி இருந்தன.

எல்லோரும் போனபிறகு மேரி காலி டேக்சாவைக் கழுவ உட்கார்ந்தாள். மெஹர் ஆப்பா வந்து தேய்க்கிற நாரைப் பிடுங்கினார். "போய்ப் படு. ஒம்போது நாளா நீ தூங்கல."

அன்று அவள் தூங்கினாள்.

விசாக் காகிதம் பெருநாளுக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. நாற்பதாம் நாள் காரியத்துக்குப் போகலாம் என்று டிக்கெட் போட்டார்கள். புகழேந்தி விடுப்பு வாங்கி, சிங்கப்பூரில் அவளோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. மலர்விழிக்குப் பள்ளியில் ஆண்டுத் தேர்வு. அவளை எங்கே விடுவது என்று மேரி கேட்பதற்கு முன்பே சவுரியம்மாள் சொல்லிவிட்டார்: "நான் இங்கியே இருந்து பாத்துக்கறேன். முகையூர்ல எனக்கு இன்னா, ரெண்டு ஆடு. பக்கத்து வீட்டுல கட்டிட்டேன்." பெருநாள் அன்று மலர்விழிக்குப் பச்சை நிறத்தில் ஒரு பாவாடை சட்டை கீழேயிருந்து வந்தது. சவுரியம்மாளுக்கும் ஒரு புடவை வந்தது. அதை அவர் ஈஸ்டருக்குக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனார்.

டக்ளோபானில் அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, அன்று சாயங்காலம் உறவுக்காரர்களோடு உட்கார்ந்திருந்தபோது, "அங்கே உனக்கு யார் துணை இருந்தார்கள்?" என்று ஓர் அத்தை கேட்டாள். மேரி ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தாள். குழம்பில் உப்பு அதிகமாய்ப் போட்டவர்களைக்கூட விடவில்லை. மேரியின் போனைத் தம்பி வாங்கி, படங்களில் இருந்த ஒவ்வொரு முகமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். புகழேந்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கே அதில் பாதி தெரியாது.

ஏப்ரல் கடைசியில் மேரி திரும்பி வந்தாள். சென்னை விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் வந்து திண்டிவனம் மேம்பாலத்தடியில் இறங்கியபோது கவுஸ் பாய் காரோடு நின்றிருந்தார். வீடு வரும்வரை அவள் வாய் ஓயவில்லை. கல்லறை, தம்பி புதிதாகக் கட்டும் வீடு, கூட்டம், மழை. "செத்த மூச்சு வுட்டுப் பேசும்மா" என்றார் அவர்.

வீட்டில் ஒரு சிக்கல் காத்திருந்தது. சவுரியம்மாள் மாடியில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து வைத்திருந்தார். கீழே மெஹர் ஆப்பா நெய்ச்சோறும் கறியும் செய்து வைத்திருந்தார். எது முதலில் என்று இரண்டு பேருக்கும் காலையிலிருந்து பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"பிளேன்ல எறங்கி வர்ற பொண்ணுக்குக் களியைக் குடுப்பாங்களா, சவுரிம்மா?"

"நீங்க சும்மா இருங்க பாயம்மா. வெயிலுக்கு அதுதான் கேக்கும்."

மேரி பையைப் படியில் வைத்தாள். மலர்விழி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மாடிக்கும் போகவில்லை, கூடத்துக்கும் போகவில்லை. நடுப்படியிலேயே உட்கார்ந்து, "ரெண்டு தட்டும் இங்கியே குடுங்க" என்றாள். களியையும் நெய்ச்சோற்றையும் மாறி மாறி எடுத்து, இரண்டையும் முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள்.